பாதுகாப்பற்ற பணி ஒதுக்கீடு: செவிலியரின் ஆட்சேபம் எழுத்தில் பதிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

செவிலியர்களின் போராட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் வரும் செய்திகள் பெரும்பாலும் பணி நிரந்தரம், ஊதியம் ஆகிய இரண்டு கோரிக்கைகளைச் சுற்றியே அமைகின்றன. இரண்டும் நியாயமானவை. 2015ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணிக்கு வந்தவர்கள், இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாகிவிடுவோம் என்று நம்பி ஏமாந்து, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறையின் தலைமை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் தரையில் அமர்ந்திருந்ததை நேரில் பார்த்தவள் நான். கொரோனா காலத்தில் அவசரமாக அழைத்துக்கொள்ளப்பட்டு, 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேதனையும் தெரியும். ஆனால் மூன்றாவதாக ஒரு பிரச்சினை இருக்கிறது. அது சாலைக்கு வருவதில்லை; வார்டின் கதவுக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு செவிலியரால் பாதுகாப்பாகச் செய்ய முடியாத பணியை அவர் தலையில் வைப்பதும், பிழை நேர்ந்தால் அதற்கு அவரை மட்டுமே பொறுப்பாக்குவதும்தான் அது. இதில் செவிலியர் சங்கங்கள் உடனே செய்யக்கூடிய, அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாத ஒரு காரியம் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி, தலைமைச் செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். பாதுகாப்பற்ற பணி என்று நான் சொல்வது கடினமான பணியை அல்ல; கடினமான பணிக்கு அஞ்சியவர்கள் இந்த வெள்ளைப் புடவையை உடுத்தியிருக்க மாட்டார்கள். நாற்பது படுக்கைகள் உள்ள ஆண்கள் பொது மருத்துவ வார்டில், படுக்கைகளுக்கு நடுவிலும் வராந்தாவிலும் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்ட நோயாளிகளை, இரவு டியூட்டி முழுவதும் ஒரே ஒரு செவிலியர் பார்ப்பது பாதுகாப்பற்ற பணி. பிரசவ வார்டிலேயே பத்து ஆண்டுகள் இருந்த ஒருவரை, அங்கே ஆள் இல்லை என்பதற்காக ஒரு நாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி, அவர் இதுவரை தொட்டுப் பார்த்திராத வென்டிலேட்டருக்கு முன்னால் நிறுத்துவது பாதுகாப்பற்ற பணி. இரவு முழுவதும் வேலை செய்தவரிடம், காலையில் வர வேண்டியவர் வரவில்லை, இன்னும் ஒரு ஷிஃப்ட் இருந்துவிட்டுப் போ என்று சொல்வதும் அத்தகையதே. களைத்த கண்களுக்கு, தவறாகச் செலுத்தினால் உயிரையே பறிக்கக்கூடிய பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் அதன் பக்கத்தில் இருக்கும் வேறொரு ஆம்பூலும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தைக் கடந்து வராத செவிலியர் யாரும் இருக்க முடியாது.

ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் இப்போது வசிக்காத ஒரு மாவட்டத்தில், ஓர் அரசு மருத்துவமனையில் இரவு மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் பிரசவ வார்டில் நெருக்கடி. ஒரே நேரத்தில் நான்கு பேர் பிரசவ வலியில் இருந்தார்கள்; அவர்களில் ஒருவருக்கு வலிப்பும் வந்துவிட்டது. அறுவை சிகிச்சை வார்டில் இருந்த செவிலியரை அங்கே அனுப்புமாறு மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அனுப்பினேன். காலியான அந்த வார்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்று பக்கத்து வார்டில் இருந்த இளம் செவிலியருக்குத் தொலைபேசியில் சொன்னவள் நான்தான். “சிஸ்டர், இங்கேயே ஐம்பத்தெட்டு பேர் இருக்கிறார்கள், என்னால் இரண்டையும் பார்க்க முடியாது” என்று அவள் சொன்னதும், “முடிந்த வரை பாரம்மா” என்று நான் சொல்லி ரிசீவரை வைத்ததும் இன்றும் காதில் ஒலிக்கின்றன. அன்று விடியற்காலையில், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு நோயாளிக்கு மூச்சுத்திணறல் வந்ததை யாரும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. அவர் இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. நான்கு மணி பி.பி., நாடித்துடிப்பு ஏன் பதியப்படவில்லை என்பதே அதில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி. இரண்டு வார்டுகளையும் அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தது யார், அவள் அதற்கு என்ன சொன்னாள் என்று நான் வாக்குமூலம் கொடுத்தேன். அதற்கு ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பணிப் பட்டியலில் அவள் பெயர் ஒரு வார்டுக்கு நேரே இருந்தது; அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. இரண்டாவது வார்டின் ரிப்போர்ட் புத்தகத்தில் பிரசவ வார்டுக்குப் போனவரின் கையெழுத்துக்குப் பிறகு வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் விலையை அவள் கொடுத்தாள். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் 17-பி பிரிவின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். எனக்கு ஒரு மெமோ வந்து, என் விளக்கத்தோடு முடிந்துவிட்டது. இறந்தவரின் குடும்பத்துக்குக்கூட அன்று இரவு அந்த மருத்துவமனையில் எத்தனை செவிலியர்கள் இருந்தார்கள் என்ற உண்மை சொல்லப்படவில்லை. ஒரு கவனக்குறைவான பெண்ணால் நேர்ந்த மரணம் என்றே அவர்கள் இன்று வரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எத்தனை செவிலியர்கள் இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் அளவுகோல் இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று படுக்கைகளுக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைகளுக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒரு நோயாளிக்கு ஒருவர், இவற்றுக்கு மேல் விடுப்பில் செல்பவர்களுக்கு ஈடாக முப்பது சதவீதம் கூடுதல் பணியிடங்கள் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. பொது வார்டுக்கான எண்ணிக்கையை நிர்வாகத்துக்கு மிகவும் சாதகமாக எடுத்துக்கொண்டு, மூன்று ஷிஃப்ட்டுகளுக்கும் பங்கிட்டுப் பார்த்தாலும்கூட, ஒரு ஷிஃப்ட்டில் ஒரு செவிலியருக்கு ஒன்பது பேரோ பதினைந்து பேரோதான் வர வேண்டும். ஐம்பத்தெட்டு எங்கே, பதினைந்து எங்கே? தரையில் படுத்திருப்பவர் ‘படுக்கை’ என்ற கணக்கிலேயே வராததால், ஏட்டில் இருக்கும் விகிதத்துக்கும் வார்டில் இருக்கும் விகிதத்துக்கும் நடுவில் இன்னொரு இடைவெளி விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பு ஊகம் அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை லிண்டா எய்க்கன் தலைமையிலான குழு ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு சுமார் ஏழு சதவீதம் கூடுவதாக அந்த ஆய்வு கண்டது. ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளிகளா எட்டு நோயாளிகளா என்ற வேறுபாட்டைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டார்கள். நம்முடைய எண்ணிக்கைகளுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை.

சட்டத்தின் நிலை இதைவிட அச்சமூட்டுவது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை என்று வைத்திருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்திவிட்டு, மருத்துவச் சிகிச்சையின்போது மரணம் நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு என்று சலுகை கொடுத்திருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்பதற்கு அந்தப் பிரிவு தரும் விளக்கத்தில் செவிலியர் அடங்க மாட்டார். ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, ஒரே இரவில் நேர்ந்த பிழைக்கு மருத்துவருக்கு ஓர் அளவு, செவிலியருக்கு அதைவிட இரண்டரை மடங்கு. மருத்துவர்களுக்கு அந்தச் சலுகை கூடாது என்பது என் வாதம் அல்ல. அவர்களும் இதே நெரிசலில்தான் உழைக்கிறார்கள். ஆனால் செவிலியர் சங்கங்கள் இந்த வேறுபாட்டை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த காரியம். கலிஃபோர்னியா மாநிலத்தின் செவிலியர் சங்கம் தன் உறுப்பினர்கள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது. ‘ஆட்சேபித்த பின்னும் தரப்பட்ட பணி’ என்பது அதன் பெயரின் பொருள். நியூயார்க் மாநிலச் சங்கத்திலும் இதே போன்ற ‘பணி ஒதுக்கீட்டு ஆட்சேபம்’ இருக்கிறது. நடைமுறை எளியது. தனக்குத் தரப்பட்ட பணி நோயாளிக்கு ஆபத்தானது என்று கருதும் செவிலியர், முதலில் அதை மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்லி மாற்று ஏற்பாடு கேட்கிறார். ஏற்பாடு வரவில்லை என்றால் படிவத்தை எழுதுகிறார். தேதி, ஷிஃப்ட், வார்டு, நோயாளிகளின் எண்ணிக்கை, அவர்களில் எத்தனை பேர் கவலைக்கிடம், இருக்க வேண்டிய செவிலியர்கள் எத்தனை பேர், இருந்தவர்கள் எத்தனை பேர், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார், என்ன பதில் வந்தது, அதனால் எந்த வேலை தாமதமாயிற்று அல்லது செய்ய முடியாமல் போயிற்று என்பன அதில் வரும். ஒரு பிரதி மேற்பார்வையாளருக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று எழுதியவரிடம். எழுதிவிட்டு அவர் வார்டை விட்டுப் போவதில்லை. அந்தப் பணியைத் தன்னால் முடிந்த வரை செய்கிறார். படிவத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நோயாளியைக் கைவிடாமலேயே, இந்த ஏற்பாட்டுக்கு நான் உடன்படவில்லை என்பதை அவர் பதிவு செய்கிறார்.

ஒரு படிவம் ஒரு செவிலியரைக் காக்கும். அடுக்கி வைத்த படிவங்கள் ஒரு மருத்துவமனையையே பேச வைக்கும். அந்தச் சங்கங்கள் அவற்றைத் தொகுத்து, எந்த வார்டில், எந்த ஷிஃப்ட்டில், எத்தனை முறை என்று நிர்வாகத்தின் முன் வைக்கின்றன. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்திய மாநிலம் கலிஃபோர்னியா. அறுவை சிகிச்சை, பொது மருத்துவ வார்டுகளில் ஒருவருக்கு ஐந்து பேர், தீவிர சிகிச்சையில் இரண்டு பேர் என்பது அங்கே சட்டம். அப்போதைய ஆளுநர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் அதைத் தள்ளிப்போட முயன்றபோது செவிலியர்கள் நீதிமன்றம் சென்று தடுத்தார்கள். சட்டம் வந்த பிறகும் படிவம் எழுதுவதை அவர்கள் நிறுத்திவிடவில்லை. சட்டம் மீறப்படுகிறது என்பதற்குச் சாட்சி அந்தப் படிவம்தான். 2023 ஜனவரியில் நியூயார்க் நகரில் சுமார் 7,000 செவிலியர்கள் மூன்று நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் ஊதியத்தைவிட முக்கியமானது, ஆள் குறைந்தால் நடுவர் விசாரித்து மருத்துவமனை மீது பணப் பொறுப்பு சுமத்தலாம் என்ற ஏற்பாடு. எங்கே எப்போது ஆள் குறைந்தது என்று பதிவு இல்லாமல் எந்த நடுவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அங்கே வேலைநிறுத்த உரிமை இருக்கிறது, இங்கே இல்லையே என்று நம் சங்கத்தினர் சொல்வார்கள். உண்மைதான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதையும், அந்த வழக்கில் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் என் தலைமுறையினர் மறக்க முடியாது. 2017இல் போராடிய செவிலியர்களையும் உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது. ஆனால் அதனால்தான் நமக்கு இந்தப் படிவம் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. பணியில் இருந்துகொண்டே, ஒரு நோயாளிக்கும் இடையூறு இல்லாமல், மேலதிகாரிக்கு உண்மை நிலையை எழுதித் தெரிவிப்பதை எந்த நடத்தை விதி தடுக்கிறது? ஒரு வார்டில் ஆள் போதாது என்று அறிவது அரசுக்கே தேவையான தகவல் அல்லவா?

இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. எழுதிய முதல் செவிலியருக்கு மறுநாளே இடமாற்றமோ, தொடர்ந்து இரவு டியூட்டியோ வரும். ஒப்பந்தச் செவிலியராக இருந்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட நிர்வாகத்துக்கு இல்லை. ஆகவே படிவம் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் எண்ணோடு அச்சாக வேண்டும். அதன் பிரதி மாவட்டக் கிளைக்கு வந்த அன்றே ரசீது தர வேண்டும். எழுதியவருக்கு மெமோ வந்தால் விளக்கம் எழுதிக் கொடுப்பதும், விசாரணையில் உடன் அமர்வதும், வழக்கு என்றால் வழக்கறிஞர் வைப்பதும் சங்கத்தின் கடமை என்று பொதுக்குழுவில் தீர்மானமாக வர வேண்டும். மாதம் ஒரு முறை கிளை நிர்வாகிகள் அந்தப் படிவங்களோடு டீனையோ இணை இயக்குநரையோ சந்திக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, யாருடைய பெயரும் இல்லாமல் எண்ணிக்கைகளை மட்டும் தங்களைப் போன்ற நாளிதழ்களுக்குத் தர வேண்டும்.

சங்கங்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகள் சந்தா செலுத்தியிருக்கிறேன். இடமாறுதல் கலந்தாய்வுக்கும் பதவி உயர்வுப் பட்டியலுக்கும் ஓடும் வேகத்தில் பாதியைக்கூட நம் தலைவர்கள் வார்டின் இரவுகளுக்குக் கொடுத்ததில்லை. நிரந்தரப் பணியாளர்களுக்கு ஒரு சங்கம், தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து நிற்பதால், ஒரே வார்டில் ஒரே இரவில் தோளோடு தோள் நிற்கும் இரண்டு பெண்களுக்கு இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றிலாவது எல்லாச் சங்கங்களும் ஒரே படிவத்தை ஏற்றுக்கொள்ளலாம். அறுபது நோயாளிகளில் யாரும் தன்னைப் பார்ப்பவர் நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேட்பதில்லை.

தலைமைச் செவிலியர்களும் கண்காணிப்பாளர்களும் இந்தப் படிவத்தைத் தங்கள் மீதான புகாராக எண்ணிவிடக் கூடாது. அன்று இரவு எனக்கு மேலே இருந்தவர்களிடம் காட்ட என் கையில் ஒரு தாள் இருந்திருந்தால், மறுநாள் நான் வெறும் வாய்மொழியோடு நின்றிருக்க மாட்டேன். இல்லாத ஆளை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கும் நிலைய மருத்துவ அலுவலருக்கும் (ஆர்.எம்.ஓ.), பணியிடம் கேட்டுச் சென்னைக்கு எழுதும் டீனுக்கும் இதே தாள்தான் ஆதாரமாகும். எல்லோரும் இதைத் தவறாகப் பயன்படுத்தி வேலையைத் தட்டிக் கழிப்பார்கள் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலையைத் தட்டிக் கழிப்பவர், தான் வேலை செய்த இரவைப் பற்றி மணி வாரியாகக் கணக்கு எழுதிக் கையெழுத்திட்டு மேலதிகாரியிடம் கொடுக்க முன்வர மாட்டார்.

தனியார் மருத்துவமனைகளின் நிலையை விரிவாக எழுத எனக்கு நேரடி அனுபவம் இல்லை. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் என்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்ததையும், அண்டை மாநிலமான கேரளத்தில் 2011இல் தொடங்கிய செவிலியர் சங்கம் தனியார் மருத்துவமனைகளில் உள்ளவர்களை ஒன்றுதிரட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தச் செய்ததையும் படித்திருக்கிறேன். அங்கே பணிபுரியும் என் மாணவிகள் சொல்வதைக் கேட்கும்போது, ஆட்சேபம் எழுதும் நிலைக்கு வர அவர்களுக்கு முதலில் ஒரு சங்கம் வேண்டும் என்றே தோன்றுகிறது.

நாம் மருந்துக்கு இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், எழுதும்போது கார்பன் தாள் வைத்து எழுதுகிறோம். பத்து ஊசி கேட்டு ஆறு வந்தால், ஆறு வந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். குறைவாக வந்த ஊசிக்கு இருக்கும் பதிவு, குறைவாக வந்த செவிலியருக்கு இல்லை. அதே இன்டென்ட் புத்தகத்தின் அளவில், மூன்று பிரதிகளாக, தமிழில், ஒரே பக்கத்தில் நிரப்பி முடிக்கும்படியாக ஒரு மாதிரிப் படிவத்தை எழுதி வைத்திருக்கிறேன். நிரப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரு மாவட்டத்தில், ஒரு மருத்துவமனையில், ஆறு மாதத்துக்குச் சோதனையாக நடத்திப் பார்க்க எந்தச் சங்கம் முன்வந்தாலும், தங்கள் அலுவலகத்தின் வழியாக அதை அனுப்பி வைக்கவும், செவிலியர்களுக்கு நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.